மைக்கில் சொன்னதும் காதில் சொன்னதும்

வடமாலபேட்டை,
ஜூலை 9, புதன்.

அன்புள்ள சிவசங்கரிக்கு,

உன் நாத்தனார் காஞ்சனா எழுதுவது. இங்கு நாங்கள் நலம், அங்கு நீ நலமா என்று தொடங்கத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன், அந்த வரி எழுத வரவில்லை. நீ போனை எடுப்பதில்லை, மெசேஜ் போட்டால் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அதனால்தான் கடிதம். ஃபேக்டரியில் நம் லைனில் வேலை செய்யும் தரணிக்கும் உன் ஊர் பிச்சாட்டூர்தானே, அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் அப்படியே இருக்கிறது. தம்பி ஹேமநாத் டெம்போவில் தக்காளி ஏற்றிக்கொண்டு திருப்பதிக்குப் போகிறான், வருகிறான். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் அவனுக்கே தெரிவதில்லை. நீ வைத்த கத்தரிச்செடி காய்த்தது. பறிக்க யாருக்கும் கை வராமல் முற்றிப் போய்விட்டது. அதற்கும் அம்மாவிடம் நான்தான் திட்டு வாங்கினேன். மாங்கூழ் ஃபேக்டரியில் பெங்களூரா மாங்காய் சீசன் முடியப் போகிறது. கேட்டுக்கு வெளியே பத்து லாரிகூட நிற்பதில்லை.

ஊர்க்கதை பேசிக்கொண்டே இந்தத் தாளையும் முடித்துவிடுவேன் போலிருக்கிறது. என் வாய் எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியும். ஐந்து வாரமாக அந்த வாய் ஒன்றைச் சொல்லாமல் அடைத்துக் கிடந்தது.

ஏப்ரலில் ஒரு நாள் கம்பெனி பஸ்ஸில் என் கையை எடுத்து உன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாயே, ஞாபகம் இருக்கிறதா? நாலு வருஷம் காத்திருந்து வந்தது. முதலில் எனக்குத்தான் சொன்னாய். "மூணு மாசம் முடியட்டும் அண்ணி, அப்புறம் அவருக்கும் அத்தைக்கும் சொல்லிக்கலாம்" என்றாய். புருஷனை விட்டுவிட்டுத் தாய்வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிற நாத்தனாரை நீ ஒரு நாளும் பாரமாகப் பார்த்ததில்லை. அன்றைக்கு இந்த வீட்டிலேயே பெரிய மனுஷி ஆக்கிவிட்டாய். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தத் தலைக்கனத்தில்தான் லைன் சூப்பர்வைசரான நான் என் மூளையை ஓட்டினேன். கம்பெனி கொடுத்த சலுகைத் தாளில் பிரசவ விடுப்பு என்று ஒரு வரி இருந்தது. எண்பது நாள் வேலை செய்திருந்தால் சம்பளத்தோடு விடுப்பு. நீ மார்ச்சில் சேர்ந்தவள், கான்ட்ராக்ட். இப்போதே தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், எண்பது முடியும் வரை மூச்சு விடாதே என்று உனக்குச் சொன்னவள் நான். யாரிடமும் கேட்கவில்லை. எல்லாம் எனக்குத் தெரியும் என்கிற நினைப்பு. சமையலறைக் காலண்டரில் நீ வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்தேன். எண்பதாவது நாளான ஜூன் பதினொன்றில் வட்டம் போட்டேன். அம்மா அதைப் பால்காரன் கணக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஏப்ரலில்தான் மேனேஜர் பவன்குமார் சார் கோடைக்கால ஆரோக்கியக் குறிப்பு என்று ஒரு தாள் கொடுத்து, தினமும் காலையில் மைக்கில் படிக்கச் சொன்னார். "இருபது நிமிடத்துக்கு ஒரு முறை தண்ணீர் குடியுங்கள். தாகம் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம்." நான் படிக்கப் படிக்க நம் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நாற்பது பேருக்குப் பாய்லர் தாண்டி ஒரே கக்கூஸ், அதற்கு ஒரே சாவி, அந்தச் சாவி என் கழுத்தில். குடித்தால் என்னிடம் வந்து நிற்க வேண்டும். அதனாலேயே யாரும் குடிப்பதில்லை. எனக்கும் தெரியும், நானும் அவர்களோடு சிரித்தவள்தான்.

உனக்கு அடிக்கடி சாவி தேவைப்பட்டது. வயிற்றில் பிள்ளை இருந்தால் அப்படித்தானே. பக்கத்து மேஜைக்காரி ஒரு மாதிரி பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. மைக்கை வைத்துவிட்டு வந்து உன் காதில் சொன்னேன். "அடிக்கடி சாவி கேட்டா கண்டுபிடிச்சிடுவாங்க பிள்ள, தண்ணியக் கம்மி பண்ணிக்கோ." நீ தலையாட்டினாய். நான் எது சொன்னாலும் தலையாட்டுவாயே, அந்த ஒரு முறையாவது என்னை எதிர்த்துப் பேசியிருக்கக் கூடாதா? பார், இப்போதும் உன் மேலேயே குற்றம் சொல்கிறேன்.

ஜூன் நாலாம் தேதி கம்பெனியில் மோர் வழங்கும் விழா. போட்டோவுக்கு உன்னைத்தான் முன்னால் நிறுத்தினார்கள். கையில் மோர் டம்ளரோடு சிரித்தாய். போட்டோ எடுத்து முடித்ததும் என்னைப் பார்த்தாய், குடிக்காமல் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டாய். நான் பார்த்தேன் சங்கரி, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்பாடா, சொன்னபடி கேட்கிறாள் என்றுதான் நினைத்தேன். இரண்டு மணிக்கு மாங்காய்க் கூடை மேலேயே சாய்ந்துவிட்டாய். தரணியும் நானும்தான் உன்னைத் தூக்கி ஜீப்பில் ஏற்றினோம்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உடம்பில் தண்ணீரே இல்லை என்று சொல்லி, காலையிலிருந்து என்ன குடித்தாய் என்று கேட்டார். மறந்துபோச்சு மேடம் என்றாய். கர்ப்பம் நிற்கவில்லை என்று அவர் சொன்னபோது அந்தச் சாவி என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஹேமநாத் ஓடி வந்து, நீ உண்டானது யாருக்காவது தெரியுமா என்று கேட்டான். நீ என்னை ஒரே ஒரு முறை பார்த்தாய். "யாருக்கும் சொல்லல" என்றாய்.

அன்றைக்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அதற்கப்புறம் அம்மா பேசியதெல்லாம் உன் காதில் விழுந்தது. "வயித்துல புள்ளைய வெச்சிக்கினு ஒரு வார்த்தை சொல்லாம வேலைக்குப் போய்க்கினு இருந்தாளே, இவளும் ஒரு பொம்பளையா" என்று அவள் கத்தியபோது நான் அடுப்படியில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். மறுநாள் உன் அப்பா வந்து உன்னை அழைத்துக்கொண்டு போனார். உன் பையைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டவளும் நான்தான். அப்போதும் நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

போன வாரம் பவன்குமார் சாரிடம் உன் விஷயமாகப் பேசப் போனேன். அவர் கேட்டார்: "முன்னாடியே சொல்லியிருந்தா லேபிள் செக்ஷன்ல ஃபேனுக்குக் கீழ உக்கார வெச்சிருப்போமே அக்கா, அந்த நாளும் கணக்குல சேர்ந்திருக்குமே?" அது நிஜமா, இப்போது வாய்க்கு வந்ததைச் சொல்கிறாரா, எனக்குத் தெரியாது. நிஜமாக இருந்தால் நான் என்ன செய்வேன்? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதுமே. மைக்கும் சாவியும் வேண்டாம் என்று அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு, பழையபடி மாங்காய் நறுக்கப் போய்விட்டேன். அந்தப் பூட்டைக் கழற்றினால்தான் பெண்கள் தண்ணீர் குடிப்பார்கள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். திங்கட்கிழமை கழற்றினார்கள். கக்கூஸ் என்னவோ அதே ஒன்றுதான். நோட்டீஸ் போர்டில் இருந்த உன் போட்டோவை மட்டும் யாரையும் கேட்காமல் எடுத்து வந்துவிட்டேன்.

காலண்டரில் ஜூன் மாதத்தைக் கிழிக்க என்னால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஹேமநாத் கிழிக்கப் போனான். "ஏங்க்கா, நாலாந்தேதியோட புள்ளி நின்னுபோச்சு, பதினொண்ணுல என்னா வட்டம்?" என்று கேட்டான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காதில் சொன்னதையும் சொன்னேன். அவன் குடிக்கத் தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். அப்புறம் குடிக்காமலே கீழே வைத்துவிட்டு வெளியே போனான். அம்மா இரண்டு நாள் என் கையால் சாப்பிடவில்லை. உன்னைப் பேசிய பேச்சை எல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள்.

வருகிற ஞாயிறு அவர்கள் இரண்டு பேரும் பிச்சாட்டூர் வருகிறார்கள். ஆடி பிறக்கும் முன் உன்னை அழைத்து வந்துவிட வேண்டும் என்கிறாள் அம்மா. நான் வரவில்லை. எனக்காக நீ தலைகுனிந்து நின்றது போதும். யாருக்கும் சொல்லவில்லை என்ற அந்தப் பொய்யை இனி யாரிடமும் சொல்லாதே. அண்ணிக்குத் தெரியும், அவள் பேச்சைக் கேட்டுத்தான் இப்படி ஆனது என்று சொல். உன் அப்பாவிடமும் சொல். என்னை வாய்விட்டுத் திட்டு. நான் இருக்கிற வீட்டுக்கு வரமாட்டேன் என்று நீ சொன்னால், புத்தூரில் ஒரு ரூம் பார்த்து வைத்திருக்கிறேன், சனிக்கிழமையே போய்விடுவேன். உன் வீடு அது, உன் புருஷன் அவன். என்னால் அவை இரண்டும் உனக்கு இல்லாமல் போகக் கூடாது.

மன்னித்துவிடு என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். அங்கே வெயில் இன்னும் குறையவில்லை என்று தரணி சொன்னாள். முதலில் எழுந்து போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் எடுத்துக் குடி. இதை மைக்கில் சொல்லவில்லை சங்கரி, உன் காதில் சொல்கிறேன். தண்ணீர் குடி தாயி.

இப்படிக்கு,
உன் அண்ணி
காஞ்சனா