அடைத்துக்கொண்ட குழாய்

மதிப்பிற்குரிய அபூ ரிஸ்க் அவர்களுக்கு,

அல்லாஹ் உங்களை நலமாக வைக்கட்டும். முழங்கால் வலி தணிந்ததா? நம் பேரப்பிள்ளைகள் சுகமா?

எனக்கு வயிறு சற்று உப்பியது, அவ்வளவுதான். குவைத்தில் நான் சமைக்கும் வீட்டு எஜமானி ஸ்கேன் எடுக்க அனுப்பினார். வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். டாக்டர் நம் எகிப்துக்காரர், மன்சூரா ஊர்.

"ஹாஜ்ஜா, வயித்துல ஒரே காத்து, ரத்தக் குழாயே தெரியல. என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடலப்பா. மொச்சைதான்."

"மொச்சை சாப்பாடு இல்லையா?"

"அது பசி தாங்கக் காலைல வயித்துல அடிக்கிற ஆணி. சாப்பாடு மத்தியானம்தானே!"

எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் பட்டினியாகப் போனேன். அன்று யாரும் சிரிக்கவில்லை. கல்லீரலுக்குப் போகும் பெரிய குழாயில் இரத்தம் உறைந்து அடைத்திருக்கிறதாம். வெறும் உறைந்த இரத்தமா, கல்லீரலில் கட்டி வளர்ந்து குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா என்று நாளை ஊசி போட்டுப் படமெடுத்துப் பார்ப்பார்கள்.

காய்ந்த முலூகிய்யா கீரை கொஞ்சம் அனுப்புங்கள். உங்கள் பழைய சால்வையையும் அனுப்புங்கள். இங்கே குளிர் இல்லை, இருந்தாலும் அனுப்புங்கள். ஐந்தாம் வகுப்புப் படித்தவள், யாரிடமும் எழுதக் கொடுக்காமல் நானே எழுதினேன். எழுத்து கோணியிருப்பதை மகளிடம் காட்டாதீர்கள்.

டிரைவர் தபாலுக்கு நிற்கிறான். கல்யாணமான நாளிலிருந்து உங்களிடம் நான் பெரிதாக எதையும் கேட்டவளில்லை. இப்போது கேட்கிறேன்: என்னை வந்து கூட்டிக்கொண்டு போங்கள்.

உம்மு ரிஸ்க்