காலிக் குழாயில் ஒட்டியது

அன்புச் சிட்டுவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அவருக்கு மூட்டு வலி குறைந்து வாய் கூடியிருக்கிறது. நீ போனில் ‘ம்’, ‘சரிம்மா’ என்று முடித்துக்கொள்வதிலேயே நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை என்று தெரிகிறது.

விஷயத்துக்கு வருகிறேன், மனதைத் திடப்படுத்திக்கொள். எங்கள் ஆய்வகத்துக்குச் சோதனைக்கு வரும் எதிலும் அனுப்பியவர் பெயர் இருக்காது, எண் மட்டும்தான் என்பது உனக்குத் தெரியும். போன வாரம் ஒரு வெள்ளைத் தூள் வந்தது, மரம்போல் கிளைத்த மூலக்கூறு, கிளை நுனிகளில் சர்க்கரை, பேதிக் கிருமியின் நஞ்சு குடலை விட்டுவிட்டு அந்தச் சர்க்கரையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. கரைத்து ஊற்றியதும் நஞ்சு பூசிய குழாயில் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டது, கூட இருந்தவர்கள் ஆகா ஓகோ என்றார்கள், நான்தான் என் பழக்கப்படி நஞ்சே இல்லாத காலிக் குழாயிலும் ஊற்றிப் பார்த்தேன். அதிலும் ஒட்டிக்கொண்டது. எரிச்சலில், ‘தயாரித்தவர் காலிக் குழாயைச் சோதித்ததாகவே தெரியவில்லை’ என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அதன் பிறகுதான் பெயர் இருந்த உறையைப் பிரித்தார்கள். அடிப்பாவி மகளே, நீ!

அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் உன் வேலை தொடருமா நிற்குமா என்று உங்கள் தலைவர் முடிவு செய்வார் என்று நீ சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பக்கத்து மேசைக்காரி ‘அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடுங்கக்கா’ என்றாள், அப்பா ‘பெத்த பொண்ணுக்கே இப்படியா எழுதுவே’ என்று என்னோடு பேசவே இல்லை. எடுக்கவில்லை கண்ணு. கண்ட இடத்தில் ஒட்டுவது நாளைக்கு ஒரு குழந்தையின் ரத்த அணுவிலும் ஒட்டும். ஆனால் பெயர் தெரிவதற்கு முன்பே உப்புக் கரைசலில் அலசியும் பார்த்திருந்தேன், காலிக் குழாயில் இருந்ததெல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது, நஞ்சைப் பிடித்திருந்தது மட்டும் விடவில்லை. உன் சர்க்கரை தன் வேலையைச் செய்கிறது, சர்க்கரை ஏறாமல் மொட்டையாக விட்டுப்போன நுனிகள்தான் வம்பு செய்கின்றன. அவற்றை மூடிவிட்டு மறுபடி செய். இதெல்லாம் அறிக்கையின் பின்பக்கத்தில் இருக்கிறது, தலைவர்கள் யாரும் பின்பக்கம் திருப்ப மாட்டார்கள், நீயே திருப்பிக் காட்டு.

அறிக்கை மேசை மேசையாக ஆற அமர நகர்ந்து வருவதற்குள் இந்தக் கடிதம் வந்துவிடும். அழுவதானால் இன்றைக்கே அழுது முடித்துவிடு, அப்புறம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கு. ‘திட்டறதையும் திட்டிட்டு இப்ப கொஞ்சறியா’ என்கிறார் அப்பா, பேச்சு வந்துவிட்டது. எங்கள் ஆசி எப்போதும் உன்னைச் சுற்றியே இருக்கும். அடுத்த முறை முதலில் காலிக் குழாய், மறக்காதே. அந்தத் தூளும் எண்ணோடுதான் வரும், அதையும் இப்படித்தான் சோதிப்பேன். அறிக்கையில் இருப்பது சோதித்தவளின் கையெழுத்து, இதில் இருப்பது

உன் அம்மா