உன் மாற்றல் உத்தரவை நான்தான் கேட்டு வாங்கினேன்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். சுகமா என்று கேட்கப்போவதில்லை. உன் மனைவி போன் போட்டு அழுது தீர்த்துவிட்டாள். "அவரை மலைக்குத் தூக்கி அடிச்சுட்டாங்க, ஆபீஸ்ல யாரோ பழி வாங்கிட்டாங்க" என்றாள். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. உன்னிடம் சொல்கிறேன். ஆபீஸில் யாரும் இல்லை, நான்தான். விழா மேடையில் உன் மேலதிகாரி அம்மாவின் காதில் நான் என்ன சொன்னேன் என்று உனக்குக் கேட்டிருக்காது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நம் கடைக்குட்டி சின்னவனைப் பற்றி உனக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. சுரங்கத்தில் மண் சரிந்து, கூட வேலை பார்த்தவன் இவன் கைக்கு எட்டுகிற தூரத்தில் புதைந்து போனான். அதற்குப் பிறகு இவன் கண்ணை மூடினால் அந்தக் குரல் கேட்கும். கேட்காமல் இருக்கக் குடித்தான். நம் தெருக்கோடி நலமையத்துக் கவுன்சிலர் அம்மாதான் அவனை மனுஷனாக்கினார். இரண்டே அறை, ஒழுகும் கூரை. புதன்கிழமை தோறும் ஏழெட்டு ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு பேசுவார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்டதில்லை. ஆனால் புதன்கிழமை என்றால் சின்னவன் காலையிலேயே சட்டையைத் தேய்த்து வைத்துவிடுவான். குடியை விட்டு வருஷம் திரும்பப்போகிறது என்று நான் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்த சமயத்தில் உன் திட்டம் வந்தது.

தொலைதூரக் குடியிருப்புகளின் மையங்களை எல்லாம் மூடிவிட்டு, நகரத்திலிருந்து போனிலேயே ஆலோசனை. அதை நீ போட்டாய் என்பதே கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு நீ வந்தபோதுதான் எங்களுக்குத் தெரியும். வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சுரங்கக் கம்பெனி விடுதியில் தங்கினாய். அந்த விடுதித் துணி எல்லாம் நான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்துக்குத்தான் வரும் என்று நீ யோசிக்கவில்லை. நீ படுத்த விரிப்பை மறுநாள் நான்தான் துவைத்தேன். கூடப் பிறந்தவன் அரை மைல் தள்ளிப் படுத்துவிட்டுப் போனதை ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே நினைத்தால் எப்படி இருக்கும் என்று உனக்கு எழுதிக் காட்ட எனக்குப் படிப்பு போதாது.

ஆனால் நான் வஞ்சம் வைத்தது அதற்காக இல்லை. அந்தக் கூட்டத்தில் சின்னவன் எழுந்து நின்றான். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன், "போன்ல பேசுறவங்க முகம் தெரியாதே, அவங்ககிட்ட எப்படிச் சொல்றது?" என்று கேட்டான். நீ நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உங்க கருத்தைப் பதிவு பண்ணிக்கிட்டோம், நீங்க உட்காருங்க" என்றாய். சொந்தத் தம்பியை! நேரே வீட்டுக்கு நடந்தான். வாசலில் நின்று, "அவன் என்னைத் தெரியாத மாதிரியே பேசிட்டான்க்கா" என்றான். அன்று சாயங்காலமே சாராயக்கடைக்குப் போனான்.

மையத்துக்குப் பூட்டு விழுந்தது. வட்டத்தில் உட்கார்ந்திருந்த லாரிக்காரர் மழைக்காலம் முடிவதற்குள் குடித்தே போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்குப் போய்விட்டு வந்த அன்றே சின்னவன் குடியை நிறுத்துகிறேன் என்று தானாக நிறுத்தினான். அப்படி ஒரேயடியாக நிறுத்தக் கூடாது என்று சொல்ல யாருமில்லை. வலிப்பு வந்து, நாக்கைக் கடித்து, வாயெல்லாம் ரத்தம். ஜீப்பில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க மலை இறங்கினேன். வழி நெடுக உன்னைச் சபித்தேன். உன் பிள்ளைகளை விட்டுவிட்டேன், உன்னை மட்டும்தான்.

அப்புறம்தான் பள்ளிக்கூட மைதானத்தில் உன் போன் சேவைக்குத் திறப்பு விழா. உன் இயக்குநர் அம்மா மேடையில். நீ பின் வரிசையில், புதுக் கோட்டு. பொதுமக்கள் சார்பில் ஒரு பெண் முதல் அழைப்பைச் செய்ய வேண்டும் என்றார்கள். வாத்தியார் சம்சாரத்தைத்தான் ஏற்பாடு செய்திருந்தார்கள். அவளிடம் கெஞ்சிக் கேட்டு அந்த இடத்தை நான் வாங்கினேன். அவள் மேடைக்குக் கீழே நிற்க, நான் ஏறியதும் உன் முகத்தில் ஈயாடவில்லை. அதை ஆசைதீரப் பார்த்துக்கொண்டேன்.

போனை மைக்குப் பக்கத்தில் வைத்தேன். மைதானமே கேட்டது. முதலில் பாட்டு. பிறகு ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து. மறுபடி பாட்டு. ஜனம் சிரிக்க ஆரம்பித்தது. கடைசியில் ஒரு பெண் குரல். பாவம், சின்ன வயசு. "என் தம்பிக்குக் குடியை விட்டதும் வலிப்பு வருதும்மா, என்ன செய்யட்டும்?" என்று கேட்டேன். அவள் எங்கள் ஊர் விவரம் கேட்டு, எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க தெருவிலேயே ஒரு நலமையம் இருக்கேம்மா, உடனே அங்கே கூட்டிட்டுப் போங்க" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. லாரிக்காரர் மனைவி மட்டும் ஓவென்று அழுதாள்.

இயக்குநர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தத் திட்டத்தைப் போட்டவர் மேல் நடவடிக்கை எடுக்கிறேன் என்று மெதுவாகச் சொன்னார். "வேலையை விட்டுத் தூக்காதீங்கம்மா. அவன் என் கூடப் பிறந்தவன். மையத்தைத் திறந்து அவனையே இங்கே போடுங்க. இவங்க கூட அவன் இருக்கணும்" என்றேன். அம்மா என்னைப் பெரிய மனசுக்காரி என்று நினைத்துக் கண் கலங்கினார். பெரிய மனசும் இல்லை, ஒன்றும் இல்லை. வேலை போனால் நீ நகரத்திலேயே வேறு நாற்காலி தேடிக்கொள்வாய். நடுச்சாமத்தில் ஒருத்தன் கதவைத் தட்டி அழும்போது நீ எழுந்து போய்த் திறக்க வேண்டும். அதற்காகத்தான் கேட்டேன். இன்னும் எனக்கு வருத்தம் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

மையத்தைத் திறந்து வெள்ளையடித்துவிட்டார்கள். கூரை மட்டும் அப்படியே இருக்கிறது. கவுன்சிலர் அம்மா அடுத்த வாரம் வருகிறாராம். நீ கம்பளி எடுத்து வா, இங்கே குளிர் உனக்கு மறந்திருக்கும். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும், அவர்களை இழுத்துக்கொண்டு வராதே. விடுதியில் உனக்கு அறை கொடுக்க வேண்டாம் என்று மேலாளரிடம் நானே சொல்லிவிட்டேன். ஆகையால் வீட்டுக்குத்தான் வந்தாக வேண்டும்.

சின்னவனிடம் நீ வருவதை நேற்றுச் சொன்னேன். கோபப்படுவான், நாங்கள் இருவரும் சேர்ந்து உன்னை ஒரு பாட்டம் திட்டலாம் என்று ஆசையாக இருந்தேன். அவன் எழுந்து போய்க் கண்ணாடி முன் நின்று சவரம் செய்ய ஆரம்பித்தான். கை நடுங்கி இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டான். பிளேடை வாங்கப் போனேன். "விடுக்கா, அவன் என்னை இப்படிப் பார்த்தா பயந்துடுவான்" என்றான். எனக்கு உன் மேல் இருந்த ஆத்திரமெல்லாம் அப்போது எங்கே போனது என்று தெரியவில்லை. சாயங்காலம் திரும்ப வந்துவிட்டது, அது வேறு விஷயம்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது வைத்தியர் அவனிடம் தேறிவிடுவாய் என்று சொன்னார், என்னைத் தனியாகக் கூப்பிட்டு வேறொன்று சொன்னார். அதைக் கடிதத்தில் எழுத மாட்டேன். வேலையில் சேர இந்த மாதக் கடைசி வரை நாள் இருக்கிறது என்று உன் மனைவி சொன்னாள். அதுவரை காத்திருக்காதே. தம்பி, நாளைக்கே புறப்படு.

உன் ஆயுசுக்கும் சேர்த்துக் கும்பிடுகிற,
அக்கா