பிரைடிக்குச் சொன்ன நட்சத்திரம்

என் ஆசைத் தேவி மச்சாளுக்கு,

உன் ஆண்டு நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அகிலன் கேட்டான். "பெருசா ஒண்டும் வேண்டாம் மாமி. அம்மாவைப் பற்றி ஒரு பக்கம், அவ்வளவுதான்" என்றான். பண்பின் சிகரம், பாசத்தின் உறைவிடம் என்றெல்லாம் எழுத ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். அதை வாசித்தால் நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய். அதனால் நான் உனக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் பக்கத்தில் நின்று கேட்கட்டும்.

முதலில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் நான் உன்னை நினைத்து அழுததைவிட உனக்குப் பயந்ததுதான் அதிகம். மாமி மகளுக்கு, ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவளுக்கு, யாராவது பயப்படுவார்களா என்று கேட்பாய். கேள், சொல்கிறேன்.

நமக்கு எப்படி இந்தப் பாலே நடனப் பைத்தியம் பிடித்தது என்று இன்றைக்கும் ஆட்கள் கேட்கிறார்கள். இந்த மெல்பேர்னில், நீ ஸ்பிரிங்வேலில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் முன்மேசையில் இருந்தாய். நான் ட்ருகனினாவில் ஒரு வேர்ஹவுஸில் சரக்குப் பார்க்கிறவள். டாக்டர் தன்னால் போகமுடியாத இரண்டு பாலே டிக்கெட்டை உன்னிடம் தந்தார். காசு கொடுக்கவேண்டியிருந்தால் போயிருக்கமாட்டோம், சும்மா கிடைத்ததால் போனோம். இடைவேளையில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "கௌரி, இனி நாங்கள் ஒண்டையும் விடக்கூடாது" என்றாய். அதன் பிறகு ஒன்றையும் விடவில்லை.

பாலேயைவிட, அதில் யார் ஆடப்போகிறார்கள் என்பதில்தான் உனக்கு உயிர். ஒரே பாலேயை நாலைந்து சோடிகள் மாறி மாறி ஆடுவார்கள். எந்த நாளில் யார் என்று பாலே கொம்பனி தன் இணையப் பக்கத்தில் போடும். போட்டதை மாற்றும், மாற்றியதை மறுபடியும் மாற்றும். நம்மைப் போன்றவர்கள் ஆள் தெரியுமுன்பே டிக்கெட் எடுத்துவிட்டு அந்தப் பக்கத்தைக் காவல் காப்பார்கள். வேலை நேரத்தில் உன் பெயர் போனில் வந்தால் எடுத்தவுடனே, சுகமா என்றுகூடக் கேட்காமல், "மாத்திப்போட்டாங்களடி!" என்பாய்.

மாற்றம் என்றால் யாரோ ஒரு பிள்ளையின் முழங்காலோ கணுக்காலோ போய்விட்டது என்று அர்த்தம். நமக்குப் பிடித்தவளுக்கு அந்த இடம் கிடைத்தால் துள்ளுவோம். துள்ளி முடிந்த பிறகுதான் அந்தக் காலின் ஞாபகம் வரும்.

பிரைடியைக் கண்டுபிடித்தது நீதான். கடைசி வரிசையில், இடது ஓரத்தில், நாற்பது பிள்ளைகளுக்குள் ஒரு பிள்ளை. "அந்தப் பெட்டையைப் பார். மற்றவை எண்ணி எண்ணி ஆடுகினம், இவள் பாட்டைக் கேட்டு ஆடுறாள்" என்றாய். அன்றிலிருந்து அவள் எங்கட பிள்ளை ஆகிவிட்டாள். அவளுக்கு அது தெரியாது, பாவம்.

அந்தப் பிள்ளை எத்தனையோ வருடம் கடைசி வரிசையிலேயே நின்றாள். பொறுக்கமுடியாமல் ஒரு வெள்ளிக்கிழமை நீ என்னையும் இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாய். அர்ச்சனைத் தட்டை நீட்டினாய். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார்.

"பிரைடி. சதயம்" என்றாய்.

ஐயர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். "ஆர் பிள்ளை இது?"

"எங்கட பிள்ளைதான் ஐயா."

நான் உன் இடுப்பில் இடித்தேன். "சதயம் உன்ர நட்சத்திரமெல்லோ?"

"அவளின்ரை ஆருக்குத் தெரியும்? நட்சத்திரம் இல்லாமல் அர்ச்சனை எங்க போய்ச் சேரும்? என்ரையைக் குடுத்தால் என்ன, தேஞ்சா போகும்?"

ஐயர் உன் நட்சத்திரத்தையும் அவள் பெயரையும் சேர்த்து மந்திரம் சொன்னார். எனக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது. அடுத்த மாதமே ஒருத்திக்கு முழங்கால் போய், பிரைடிக்கு முன்வரிசையில் சின்னதாக ஒரு தனி ஆட்டம் கிடைத்தது. நீ கிளினிக் வாசலில் நின்று போனில் கத்தியதை அந்தத் தெருவே கேட்டிருக்கும்.

பிறகு நடந்தவற்றை நாம் பகிடியாகத்தான் எடுத்தோம். உனக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கு அவள் பெயர் கொம்பனியின் இணையப் பக்கத்தில் இருக்காது. நீ எழும்பி நடந்தால் அவளும் வந்துவிடுவாள். "நானும் அவளும் ஒரு நட்சத்திரம்" என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தாய். உன் சீனி வருத்தம், அதுதான் அந்த நீரிழிவு, இடது காலில் புண்ணாக இறங்கி, பெருவிரலை எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொன்ன அதே கிழமை, பிரைடிக்கு இடது பாதத்தில் எலும்பு வெடித்துவிட்டது என்று செய்தி வந்தது. கட்டிலில் படுத்துக்கொண்டு நீயே அதை வாசித்தாய். அன்று நாம் இருவரும் சிரிக்கவில்லை.

நீ ஒரு சனிக்கிழமை கண்ணை மூடினாய். யாழ்ப்பாணத்திலிருந்து உன் சின்னம்மா போனில் ஒரே பிடியாக நின்றா. "சனிப் பிணம் துணை தேடும் எண்டு தெரியாதே? சனிக்கிழமை போனவளை வெறுமன அனுப்பாதேங்கோ. துணைக்கு ஒரு கோழிக்குஞ்சாவது வையுங்கோ." அகிலன் அழுகைக்குள்ளும் பொறுமையாக, "இஞ்ச அதெல்லாம் விடமாட்டாங்கள் அம்மம்மா" என்றான். சரி, ஒரு தேங்காயாவது என்று நான் கொண்டுபோனேன். மூடிய பெட்டியைத் திறக்க முடியாது என்று இறுதிச்சடங்கு மண்டபத்துக்காரர் மிகவும் மரியாதையாகச் சொன்னார். நீ துணையில்லாமல் போனாய்.

நான் படித்தவள்தான், தேவி. ஆனாலும் வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போது ஒரு எண்ணம் வந்தது. துணை தேடுகிறவள் தன் ஆட்களைத்தான் தேடுவாள். உன் நட்சத்திரத்தில் இன்னொருத்தியை, கோயிலில் வைத்து, சாமிக்கு முன்னால், நாமே சேர்த்துவிட்டோமே. அன்றிரவு வீட்டு விளக்கு ஒன்றையும் அணைக்காமல் படுத்தேன்.

சில மாதங்களில் பிரைடியின் கால் சுகமாகி அவள் திரும்பி வந்தாள். அதோடு அந்தச் செய்தியும் வந்தது. சிட்னியில் ஒரே ஒரு பகல் காட்சிக்கு அவள்தான் முதன்மை ஆட்டக்காரி. எந்த பாலே தெரியுமா? நீ மோகினிக் கதை என்று சொல்வாயே, அதேதான். முதல் பாதியில் காதலனிடம் ஏமாந்து சாகிற பெண், இரண்டாம் பாதியில் கல்லறையிலிருந்து எழும்பி வருவாள். அவளோடு, கல்யாணம் காணாமல் செத்த பெண்கள் ஒரு கூட்டமும் வரும். காட்டுக்குள் வரும் ஆண்களை ஆடவைத்து ஆடவைத்தே கொல்வார்கள். நாளும் சனிக்கிழமை.

நீ இருந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் பெயரை எடுத்துவிடவேண்டும் என்று வேண்டினேன். இத்தனை வருடத்தில் எங்கட பிள்ளைக்கு எதிராக நான் வேண்டியது அந்த ஒருமுறைதான். மற்ற நாட்களில் எல்லாம் பெயர்கள் மாறின. அந்தச் சனிக்கிழமை மட்டும் அப்படியே இருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே நீ அந்தக் காட்சிக்கு இரண்டு இருக்கை எடுத்து வைத்திருந்தாய் என்று அகிலன் சொல்லித்தான் தெரியும். யார் ஆடுவார்கள் என்று அப்போது கொம்பனிக்கே தெரியாது. எத்தனையோ காட்சிகள் இருக்க, அதை ஏன் எடுத்தாய்?

சிட்னிக்குப் போய் ஹோம்புஷில் அகிலனின் பிளாட்டில் நின்றேன். சனிக்கிழமை காலையில் அவனையும் வரச்சொல்லிக் கேட்டேன். தோசைத் தட்டைத் தள்ளிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அது அம்மாவின்ர சீட் மாமி. என்னால ஏலாது. ஸொறி." ரயில் நிலையம்வரை வந்து ஏற்றிவிட்டுப் போனான்.

தியேட்டருக்குள் நுழைந்ததும் முதலில் சுவரைத்தான் பார்த்தேன். கடைசி நேர மாற்றங்களைக் கடதாசியில் அடித்து வாசலில் ஒட்டுவார்களே, அங்கே ஒன்று ஒட்டியிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனேன். வேட்டைக்காரனாக வருகிறவனுக்குப் பதில் வேறொருவன். அவ்வளவுதான். எனக்கு ஆறுதலா ஏமாற்றமா என்று இன்றுவரை தெரியவில்லை.

உன் இருக்கையில் என் குளிர்ச்சட்டையை வைத்தேன். முதல் பாதியில் நம் பிள்ளை எப்படிச் செத்தாள் என்கிறாய்! தலைமுடி அவிழ்ந்து, ஒரு பூவின் இதழை எண்ணிக்கொண்டே புத்தி பேதலித்துப்போனாள். எனக்குப் பின்னால் ஒரு கிழவர் விம்மினார். நீ பார்க்கவேண்டியது என்று மனதுக்குள் சொன்னேன். சொல்லிவிட்டு, உன்னைக் கூப்பிட்டமாதிரி ஆகிவிட்டதே, சொல்லியிருக்கக்கூடாது என்று பட்டது.

இரண்டாம் பாதி. மேடை முழுக்க நீலப் பனி. வெள்ளை உடைகளில் அந்தக் கூட்டம் வந்து நின்றது. அப்போது முன் இருக்கைக்காரர் திரும்பி, "கொஞ்சம் காலைத் தட்டாமல் இருக்கிறீர்களா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

தேவி, நீதான் காலைத் தட்டுவாய். பாட்டோடு இடது காலைத் தட்டித் தட்டி எத்தனை பேரிடம் பேச்சு வாங்கித் தந்திருக்கிறாய். விரலை எடுத்த பிறகும் கட்டுப்போட்ட காலோடு தட்டினாய். நான் குனிந்து பார்த்தேன். என் கால்கள் இரண்டும் சப்பாத்துக்குள் அசையாமல் இருந்தன. பக்கத்தில் என் குளிர்ச்சட்டை இருக்கையிலிருந்து வழுகிக் கீழே விழுந்து கிடந்தது. யார் தட்டியது? நானேதான் தெரியாமல் தட்டினேனா? அவருக்கு ஒரு "ஸொறி" சொல்லிவிட்டு, உன் பக்கம் திரும்பி, "சும்மா இரடி" என்றேன். பழக்கதோஷம்.

பிறகு அந்த இடம் வந்தது. இடது காலில் நின்று, மற்றக் காலை மெல்ல மெல்ல உயர்த்தி, மூச்சுக்கூடத் தெரியாமல் நிற்கவேண்டும். பிரைடியின் கணுக்கால் ஆடியது. முதலில் சின்னதாக, பிறகு எல்லோருக்கும் தெரியும்படி. யாரோ கீழேயிருந்து பிடித்து இழுக்கிறமாதிரி அவள் ஒரு பக்கம் சாய்ந்தாள்.

நான் உன் இருக்கையின் கைப்பிடியை எட்டிப் பிடித்தேன். அது ஐஸ்போல இருந்தது. "விடு அவளை" என்றேன். "துணை வேணுமெண்டால் நான் இருக்கிறன். பிள்ளையை விடு, தேவி."

அவள் நிமிர்ந்தாள். அந்தக் காலை இன்னும் உயர்த்தினாள். பாட்டு முடியும்வரை அப்படியே நின்றாள். அப்படி ஒரு கைதட்டலை நாம் இருவரும் கேட்டதில்லை.

காட்சி முடிந்து பின்வாசலில் நின்றேன். தலையில் ஈரத்தோடு, ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கிட்டப் பார்த்தால் சின்னப் பிள்ளை. உன்னைப் பற்றிச் சொன்னேன், கடைசி வரிசையிலிருந்தே பார்த்தோம் என்று சொன்னேன், நட்சத்திரத்தைப் பற்றி மூச்சும் விடவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு தன்பாட்டில் சொன்னாள்: "நான் விழப்போனதைப் பார்த்தீர்களா? அந்த நேரம் இடது கால் என்னுடையது இல்லாததுபோல இருந்தது. வேறு யாருடையதோபோல. பிறகு திரும்பி வந்துவிட்டது." சிரித்துக்கொண்டே என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள். நான் அந்த இடத்திலேயே ஒரு படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மெல்பேர்னுக்கு வந்த அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். ஐயருக்கு ஞாபகம் இருந்தது. "பிரைடி, சதயம். சரிதானே?"

"இல்லை ஐயா. ரோகிணி."

"முதல் சதயம் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"ஓம் ஐயா. மாத்தியாச்சு."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மந்திரத்தைத் தொடங்கினார். ரோகிணி என்னுடைய நட்சத்திரம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. கோயில் படி இறங்கும்போதுதான் இடது பெருவிரலுக்குக் கீழே ஒரு வலி தெரிந்தது. வீட்டில் வந்து பார்த்தால் சின்னதாக ஒரு கொப்புளம். சிட்னிக்குப் போட்டுக்கொண்டு போன புதுச் சப்பாத்தின் வேலை என்று டாக்டர் சொன்னார். உனக்கும் அப்படித்தானே சொன்னார்கள்.

எனக்கும் சீனி இருக்கிறது, தெரியும்தானே. நீ உன் காலைக் கவனிக்கவில்லை. "பிறகு பாப்பம்" என்று சொல்லிச் சொல்லியே போய்விட்டாய். எனக்கு உன்மேல் அதில் இன்னும் கோபம் இருக்கிறது, மச்சாள். பயத்துக்கு அடியில் கிடந்தது அந்தக் கோபம்தான் போலும்.

நான் சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்கவில்லை. துணைக்கு வருவேன் என்றேன், வருவேன். ஆனால் பிரைடி இப்போதுதான் முன்வரிசைக்கு வந்திருக்கிறாள். அவள் ஆடி முடித்து, போதும் என்று தானே சப்பாத்தைக் கழற்றட்டும். அதுவரை நான் என் காலைக் கழுவி, துடைத்து, விரலுக்கிடையில் எல்லாம் பார்த்து வைத்திருப்பேன். தேநீருக்குச் சீனி போடமாட்டேன். செருப்பில்லாமல் முற்றத்தில் இறங்கமாட்டேன். அது இப்போது என்னுடைய கால் மட்டும் இல்லை, அதில் ஒரு பிள்ளை நின்று ஆடுகிறாள். இது உனக்கு நான் தருகிற சத்தியம்.

அடுத்த சீசனுக்கும் இரண்டு இருக்கை எடுத்திருக்கிறேன். வா, வந்து இரு. காலை மட்டும் தட்டாதே.

உன் மாமன் மகள்,
உன் பக்கத்து இருக்கைக்காரி,
கௌரி