தொத்தானாவுக்கு இரண்டு உறைகள்

கப்பலில், எஸ்பன்யோலா தீவுக்கு அருகே
சனிக்கிழமை மதியம்

அன்பு மகள் நார்சிசாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் எதில்மா சித்தியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவைக் கும்பிட்டுக்கொள்கிறேன். இதை உன் கையில் கொடுத்த அம்மாள் பெயர் ஃபுவென்சாந்தா. ஸ்பெயினில் நீ இப்போது இருக்கிற தொத்தானாவில் பிறந்து வளர்ந்தவர், எங்கள் கப்பலில் இந்த வாரப் பயணி. முதலில் அவரை உட்காரவை, முழங்கால் சரியில்லாதவர், எரிமலைப் பாறைகளில் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். அவர் பையில் இன்னொரு உறை இருக்கிறது. அதுவும் நான் உனக்கு எழுதியதுதான். இதைப் படித்து முடிக்கும்வரை அதைக் கேட்காதே.

தொலைபேசியில் பேசித் தொலைத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். அம்மா போனபிறகு நாம் பேசிய இரண்டு தடவையும் நான் கத்தினேன், நீ வைத்துவிட்டாய், அதற்குப்பிறகு நீ எடுப்பதில்லை, நானும் அடிப்பதில்லை. வாயைத் திறந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது, அது உனக்குத் தெரிந்ததுதான். எழுதினால் கொஞ்சம் நிதானம் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பயணிகள் பதினாறு பேரும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார்கள். காலையில் அவர்களுக்கு ஆல்பட்ராஸ் பறவை ஜோடிகள் அலகோடு அலகு தட்டி ஆடுவதைக் காட்டினேன், ஒருத்தி அழுதேவிட்டாள், ஆளுக்கு இருநூறு படம் எடுத்திருப்பார்கள். நாளைக்கு எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்து, மறக்கவே மாட்டோம் என்று சொல்லி விமானம் ஏறுவார்கள், அதே விமானத்தில் அடுத்த பதினாறு பேர் வந்து இறங்குவார்கள், நான் அதே நகைச்சுவைகளை முதலிலிருந்து ஆரம்பிப்பேன். ஓய்வு வாரத்திலும் மற்ற வழிகாட்டிகளுக்குப் பதிலாக நானே ஏறிக்கொள்கிறேன். வீட்டுக்குப் போனால் வேலியை முட்டித் தள்ளிக்கொண்டு ராட்சத ஆமை வந்து கொய்யாப்பழம் தின்கிறது, பழம் வீணாகிறதே என்று அதைத் திட்டுவதற்குக்கூட வீட்டில் ஆள் இல்லை. நான் வீட்டில் இருக்கிற நாளில் சித்தி மீன் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். நான் பாதியைத்தான் சாப்பிடுகிறேன், அதை அவளிடம் சொல்லாதே.

விஷயத்துக்கு வருகிறேன். ஃப்ளோரியானா தீவில் இருக்கிற தபால் பீப்பாய் உனக்கு நன்றாகத் தெரியும். தபால்தலை வேண்டாம், தபால்காரன் வேண்டாம், நீங்கள் எழுதியதை உள்ளே போடுங்கள், உங்கள் ஊர்ப்பக்கம் போகவேண்டியது கிடந்தால் எடுத்துப்போய்க் கதவைத் தட்டிக் கையில் கொடுங்கள் என்று முப்பது வருஷமாக நான் பாடுகிற பாட்டு உனக்கு மனப்பாடம். அம்மாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து கப்பலேறியபோது உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். தபாலில் அனுப்பத் தைரியம் வரவில்லை, கிழித்துப்போடக் கோபம் விடவில்லை. அதனால் பீப்பாயில் போட்டேன். நமக்கு வருகிறவர்கள் ஜெர்மன்காரன், அமெரிக்கன், சுவிஸ்காரன், தொத்தானாவிலிருந்து யார் வரப்போகிறார்கள், அங்கேயே கிடக்கட்டும் என்று நினைத்தேன். அனுப்பியது போலவும் ஆயிற்று, போய்ச் சேராதது போலவும் ஆயிற்று என்று ஒரு கணக்கு. உன் அப்பாவின் மூளை அவ்வளவுதான்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை எங்கள் கப்பல் அங்கே போகும். பீப்பாயில் இருப்பதையெல்லாம் எடுத்து விலாசத்தைச் சத்தமாகப் படிப்பது என் வேலை. ஹாம்பர்க், டென்வர், லியோன் என்று படித்துக்கொண்டே வந்து, நார்சிசா ஹராமில்யோ, தொத்தானா, ஸ்பெயின் என்று அதே குரலில் படிப்பேன். யாரும் கை தூக்கமாட்டார்கள். அப்பாடா என்று இருக்கும், படகில் திரும்பும்போது ஏமாற்றமாகவும் இருக்கும். நாலைந்து மாதத்தில் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம், யார் பார்க்கப்போகிறார்கள். ஆனால் எடுக்கவில்லை மகளே. உன் பெயரை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வேறு இடம் இல்லை. வீட்டில் சொன்னால் சித்தி அழுகிறாள், கப்பலில் சொன்னால் கேப்டன் வில்மர் பேச்சை மாற்றுகிறான். இருபத்திரண்டு தடவை அங்கே நின்று உன் பெயரைப் படித்திருக்கிறேன்.

இந்தப் புதன்கிழமையும் படித்தேன். ஒரு கை தூக்கிக்கொண்டு நின்றது. "ஏங்க, தொத்தானாவா? அது எங்க ஊருங்க! இங்க குடுங்க!" என்று ஃபுவென்சாந்தா அம்மாள் கத்த, எல்லாரும் கைதட்டினார்கள். நான் உறையை நீட்டவில்லை. இது நனைந்துபோன கடிதம், விலாசமும் பழசு போலிருக்கிறது, விட்டுவிடுங்கள் என்று இழுத்தேன். அவர் விடுகிற ஆளா? "முப்பத்தோரு வருஷம் வீடுவீடா தபால் குடுத்தவ நான். நனைஞ்சதையும் குடுத்திருக்கேன், நாய் கடிச்சதையும் குடுத்திருக்கேன். விலாசம் பழசுன்னா நான் விசாரிச்சுக்கிறேன், உங்களுக்கு ஏன் வேர்க்குது?" என்றார். பார், இத்தனை வருஷம் கழித்து எனக்கு வந்து வாய்த்தது ஓய்வுபெற்ற தபால்காரி! அன்று சாப்பாட்டு மேசையில் சமையல்காரன் செகுந்தோ, "அண்ணே, உங்க மூஞ்சிக்கு அந்தக் கடல் ஓணானே தேவல, அதுவாவது வெயில் பட்டா தெளிஞ்சிடும்" என்று கிண்டல் செய்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலையில் அவரைத் தனியாகப் பார்த்து, அது என் மகளுக்கு நான் எழுதியது, எழுதக்கூடாததை எழுதிவிட்டேன், திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். கண் கலங்கிவிட்டது, எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் தன் பையை இழுத்து மூடிக்கொண்டார். பிறகு, "போட்டப்புறம் கடுதாசி உங்களுது இல்லீங்க, வாங்கப்போறவங்களுது. எங்க ஊர் மேயரே வந்து கேட்டப்பவும் நான் குடுக்கல. ஒண்ணு செய்யுங்க. இன்னொன்னு எழுதிக் குடுங்க, அதை முதல்ல குடுக்கிறேன். அப்புறம் மத்தது வேணுமா வேண்டாமான்னு அந்தப் பொண்ணே சொல்லட்டும். வேண்டாம்னா அங்கயே கிழிச்சிடறேன்" என்றார். அதனால்தான் இது.

அந்த உறையில் என்ன இருக்கிறது என்று நானே சொல்லிவிடுகிறேன். பெற்றவள் சாகக் கிடக்கும்போது வராதவள் எனக்கு மகள் இல்லை என்று எழுதியிருக்கிறேன். அவள் உன் பெயரைச் சொல்லி அழுதுகொண்டே போனாள், நான் ஒருவன்தான் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன் என்றும் எழுதியிருக்கிறேன். முதலாவது கோபத்தில் வந்தது. இரண்டாவது பொய். நான் பக்கத்தில் இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் நாங்கள் ஃபெர்னாந்தினா தீவுக்குப் பின்பக்கம் இருந்தோம், சித்தி ரேடியோவில் சொல்லி அனுப்பினாள், அக்காவுக்கு மூச்சு இழுக்கிறது என்று. வில்மர் என்னிடம் வந்து, "அண்ணே, உங்கள வில்லமில் துறைமுகத்துல எறக்கி விட்டுடறேன், நாளைக்கு வேகப்படகு பிடிச்சா மதியத்துக்குள்ள வீட்டுல இருப்பீங்க, பயணிகள நான் பாத்துக்கிறேன்" என்றான். நான்தான் வேண்டாம் என்றேன். அவளுக்குக் குளிர்காலத்தில் இப்படி வருவது வழக்கம்தானே, பயணிகள் பாதியில் வழிகாட்டி இல்லாமல் நிற்பார்களே, வெள்ளிக்கிழமை போய்ச் சேருவோம் என்றேன். நீயும் அதே செவ்வாய்க்கிழமைதான் சித்தியிடம் வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறாய். நீ ஆறாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருந்தாய். நான் ஒருநாள் தூரத்தில் இருந்தேன். வியாழன் காலையில் அவள் போய்விட்டாள்.

அவள் அழவும் இல்லை. சித்தி போன மாதம்தான் எனக்குச் சொன்னாள், அதுவரை நான் கேட்கவே இல்லை, கேட்கப் பயம். கடைசியில் சித்தி ஃபோனை எடுத்தபோது, "அவங்கள கூப்பிடாத எதில்மா, ரெண்டு பேரும் வேலையில இருப்பாங்க, முடிஞ்சதும் வருவாங்க" என்றாளாம். அவ்வளவுதான் சொன்னது. நம் இரண்டு பேரையும் அவள் ஒரே வார்த்தையில் மன்னித்துவிட்டுப் போனாள், நான் என்னை மட்டும் மன்னித்துக்கொண்டு உன்மேல் பழியைப் போட்டேன். இதை யாருக்கும் சொன்னதில்லை. வில்மருக்குத் தெரியும், அவன் நல்லவன், வாயைத் திறக்கவில்லை. நார்சிசா, நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை.

நீ வேலை செய்கிற, ப்ரொக்கோலி கட்டுகிற அந்தக் குளிர் அறையில் ரப்பர் கையுறைக்குள் கம்பளிக் கையுறையும் போட்டுக்கொள், உனக்கு அம்மாவின் விரல்கள், சீக்கிரம் விறைத்துப்போகும். ஃபுவென்சாந்தா அம்மாளுக்குக் காப்பியில் சர்க்கரை தாராளமாகப் போடு, வீடுவரை கூட நடந்து விட்டுவிட்டு வா. அந்த உறை வேண்டுமென்றால் வாங்கிக்கொள், அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல். எது செய்தாய் என்று நீ எனக்குச் சொல்லவேண்டியதில்லை, அவரிடமும் நான் கேட்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆண்டவர் உன்னைக் காப்பாற்றட்டும், அம்மா மேலிருந்து பார்த்துக்கொள்ளட்டும், நீ வயிறாரச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கவேண்டும். ஒன்றை மட்டும் சொல்ல மறந்துவிட்டேன். அந்தக் கடிதத்தின் அடியில், அலுவலகக் காகிதத்தில் போடுவதுபோல, ஒல்மேதோ ஹராமில்யோ என்று வெறும் பெயரைத்தான் போட்டிருக்கிறேன்.

உன் அப்பா