சல்லடையில் தங்கிய முகம்

பாசமுள்ள அப்பாவுக்கு,

உங்களுக்கு வாசிக்கத் தெரியாது என்று தெரிந்தும் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த காகிதத்தையெல்லாம் நான்தானே வாசித்துக் காட்டினேன்? இதையும் வாய்விட்டு வாசித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். நீங்கள் எதிரே இருந்திருந்தால் இதைக் கேட்டிருக்க மாட்டேன்.

நீங்கள் போய் இரண்டு ஆடி கழிந்துவிட்டது. எனக்கு வேலை கிடைத்திருக்கிறது அப்பா, பட்டாசு கம்பெனியில் இல்லை. நம் ஊர்ச் சாம்பல் மேட்டில் அகழாய்வு நடக்கிறது. கிடைக்கும் ஒவ்வொரு பொருளும் எந்தக் குழியில், எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று எழுதுவது என் வேலை. ஏழாயிரம்பண்ணைக்குப் போகும் கம்பெனி வேனிலிருந்து அம்மா தினமும் கை காட்டுவாள். எனக்குக் கூர்மையான கண் என்று அகழாய்வை நடத்தும் மேடம் சொன்னார்கள்.

போன செவ்வாய்க்கிழமை மேடம் ஓர் இடத்தில் அப்படியே நின்றுவிட்டார்கள். அடியில் இருக்க வேண்டிய பானை ஓடு மேலே கிடந்தது. அதற்கும் கீழே பாக்குப் பொட்டலத் தாள். யாரோ முன்பே தோண்டிப் பொருளை எடுத்துவிட்டு மூடியிருக்கிறார்கள். "இனி இந்த இடம் எந்தக் காலம்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றார்கள்.

மண் சுமந்துகொண்டிருந்த முத்துமாரி அத்தை எட்டிப் பார்த்துச் சிரித்தது. உங்களோடு ஒரே கம்பெனியில் இருந்ததே, அதே அத்தைதான்.

"திருட்டுக்குழி இல்ல மேடம். வெடிக்குழாய அடைக்க மண்ணு இங்கனதான எடுப்போம். இம்புட்டு சதுரமா வெட்டுனது இவ அப்பாதான். நீங்க நூல் புடிச்சு வெட்டுறீக, அவரு நூலில்லாமலே வெட்டுவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் குறிப்பேட்டின் மேல் குனிந்துகொண்டேன்.

நீங்கள் சலித்த மண் கம்பெனிக்குப் போகும். சல்லடையில் தங்கியதைப் பொறுக்கியது நான்தானே அப்பா? பாசிமணி, சங்கு வளையல் துண்டு. ஒரு முறை, இடது காது உடைந்த சுடுமண் பெண் தலை. ஒரு நாள் முழுக்க அதைப் பொம்மையாக வைத்திருந்தேன். பேனாவால் நெற்றியில் நீலப் பொட்டு வைத்தேன். இதையெல்லாம் வாங்கிப்போகக் காலண்டர் பையோடு பைக்கில் வரும் அந்த ஆள் அதை எடுத்துக்கொண்டு எனக்கு ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் கொடுத்தார். "பிள்ளை படிக்கட்டும்" என்றீர்கள். அந்த பாக்ஸோடுதான் பத்தாவது பரீட்சைக்குப் போனேன்.

அந்தக் குழியைக் கண்ட மறுநாள், நம் பக்கத்துப் பொருள்களோ என்று சந்தேகப்படும் சில படங்களை மேடம் போனில் காட்டினார்கள். வெளிநாட்டு ஏலக் கடை. மூன்றாவது படத்தில் அவள் இருந்தாள். இடது காது இல்லை. கழுவியும் முழுதாகப் போகாத நீலம் நெற்றியில். ஊர் என்ற இடத்தில் 'தென்னிந்தியா' என்று மட்டும் போட்டிருந்தது.

அவள் எங்கே போகிறாள் என்று அப்போது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் கொடுத்திருப்பீர்களா?

அம்மாவிடம் சொன்னேன். "செத்த மனுசரத் திருடன்னு எழுதப்போறியா?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வேனுக்குப் போய்விட்டாள்.

நேற்று மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர்கள் திட்டவில்லை. அவளைத் திரும்பக் கேட்க வேண்டுமென்றால் எழுத்தில் வேண்டும் என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். உங்கள் பெயரை எழுதுவேன் அப்பா. பக்கத்திலேயே என் பெயரையும் எழுதுவேன். திருடன் என்ற சொல் அதில் இருக்காது. பொறுக்கியது நான் என்பது இருக்கும். இது என் வாக்கு.

எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டேன். ஒன்று மட்டும் காலியாக இருக்கிறது. இதைக் கேட்கத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். நீங்கள் வெட்டிய குழிகள் அந்த மேட்டில் எத்தனையோ இருக்கின்றன. அவளை எந்தக் குழியில் எடுத்தீர்கள், எவ்வளவு ஆழத்தில்? அதை மட்டும் சொல்லுங்கள் அப்பா.

சல்லடைக்கு எதிரே உட்கார்ந்திருந்த உங்கள் மகள்,
பேச்சியம்மாள்