பாப்பல் மொட்டுக் களிம்பு

இன்று காலை வேலைக்கு வரும்போது கால்வாய்க்கரைப் பாதை முழுக்க மரக்கொப்புகள் கிடந்தன. அங்கே வரிசையாக நின்ற நெட்டைப் பாப்பல் மரங்களை மாநகரசபைக்காரர் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். ஐம்பது வயதாகிவிட்டதாம், காற்றுக்குக் கொப்பு முறிந்து ஆட்களின் தலையில் விழுமாம். மாசி மாதம், மொட்டு இன்னும் விரியவில்லை. நான் பார்க்காமல் மிதித்துக்கொண்டு வந்து பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஹீட்டரின் சூடு பட்டதும் சப்பாத்தின் அடியில் ஒட்டியிருந்த மொட்டுகள் மணக்கத் தொடங்கின. தேனும் சாம்பிராணியும் கொஞ்சம் கசப்பும் கலந்த அந்த மணம். ஐசே, நீர் செத்து ஐந்து வருசமாகிறது. ஒரு சப்பாத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்து என்னை பஸ்ஸுக்குள் அழவைப்பீர் என்று நான் நினைக்கவில்லை.

எனக்கு இப்போது அழுவதற்கும் களைப்பாக இருக்கிறது. அதே சமையலறை, அதே தொட்டி. உம்முடைய இடத்தில் இப்போது கோப்பை கழுவும் மெஷின் ஒன்று நிற்கிறது. அது உம்மைப்போல வாய் காட்டாது, ஆனால் வாரத்துக்கு ஒருமுறை பழுதாகிவிடும். அப்போதெல்லாம் இரண்டு பேரின் வேலையையும் நான்தான் செய்கிறேன்.

ஜெர்மனியில் ஊர் ஊராக அலைந்து, கடைசியில் இந்த எசன் நகரத்துக்கு வந்து அந்தப் பெரிய உணவகத்தின் பின்கட்டில் நாங்கள் இரண்டு பேரும் கோப்பை கழுவத் தொடங்கிய முதல் மாரிக்குளிர் ஞாபகம் இருக்கிறதா? கொதிதண்ணீரும் அந்தச் சனியன் பிடித்த சவர்க்காரத் தண்ணீரும் பட்டுப் பட்டு விரலெல்லாம் வெடித்துப்போனது. கையுறை போட்டால் கோப்பை வழுக்கும், உடைந்தால் ஏச்சு. நோவைக்கூட நீர் பொறுத்தீர். சோற்றைக் கையால் குழைக்க முடியாமல் போனதைத்தான் உம்மால் பொறுக்க முடியவில்லை. மீன்குழம்புத் தூள் வெடிப்புக்குள் போனால் உயிர் போகும். கரண்டியைப் பிடித்துக்கொண்டு இருந்து, "ஐசே, இது சாப்பாடே? ஆஸ்பத்திரியிலை பத்தியம் தின்னுற மாதிரிக் கிடக்கு" என்று எரிந்து விழுவீர்.

குளிர்ப் பகுதியில் சலாட் வெட்டும் போலந்துக்காரி டனூட்டா உம்முடைய கையைப் பார்த்து, அடுத்த நாள் ஒரு சின்னத் தகரடப்பியைக் கொண்டுவந்து தந்தாள். உள்ளே மஞ்சள் களிம்பு. பாப்பல் மொட்டில் செய்தது, அவளுடைய ஊரில் வெடிப்புக்கும் எரிகாயத்துக்கும் மூட்டு நோவுக்கும் இதைத்தான் பூசுவார்களாம். இரவு பூசி, பழைய காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு படுக்கச் சொன்னாள். நீர் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, நீர் கரண்டியைத் தூக்கித் தொட்டிக்குள் போட்டுவிட்டு, ஐந்து விரலாலும் சோறு குழைத்துச் சாப்பிட்டீர். சாப்பிட்டு முடிந்த பிறகும் கை கழுவாமல் கனநேரம் இருந்தீர்.

அதோடு உமக்குப் பாப்பல் விசர் பிடித்தது. அடுத்த மாசியில் என்னையும் இழுத்துக்கொண்டு கால்வாய்க்கரைக்குப் போனீர். காற்றில் முறிந்து விழுந்த கொப்புகளில் பிசின் வடியும் மொட்டுகளை ஆய்ந்தோம். விரலெல்லாம் பசை, இரண்டு நாள் போகவில்லை. டனூட்டா பன்றிக்கொழுப்பில் காய்ச்சுவாளாம். "வெள்ளிக்கிழமை விரதக்காரன் நான், என்னைப் பண்டிக் கொழுப்புப் பூசச் சொல்லுறியளோ?" என்று கேட்டுவிட்டு, தமிழ்க்கடையில் நல்லெண்ணெய் வாங்கி வந்தீர். சின்ன நெருப்பில் மூன்று மணித்தியாலம் வைத்து, பழைய வேட்டித்துண்டில் வடித்து, சூட்டோடு தேன்மெழுகு கரைத்து ஊற்றினோம். எங்களிடமிருந்த ஒரே சோற்றுப்பானை அதில் நாசமாய்ப் போனது. பிறகு ஒரு மாதம் சோறு பிசின் மணந்தது. நான் ஏசிக்கொண்டே சாப்பிட்டேன்.

பிறகு எதைக் கண்டாலும் உமக்குப் பாப்பல்தான். நாங்கள் நாள் முழுக்கத் தூக்கும் தக்காளிப் பெட்டி அந்த மரம், நெருப்புக்குச்சி அந்த மரம், முந்தி இந்தப் பக்கத்தில் ஆட்கள் போட்டுத் திரிந்த மரச்சப்பாத்தும் அந்த மரம். இரண்டாம் உலகச் சண்டை முடிந்த பிறகு இங்கத்தைய நிலக்கரிச் சுரங்கத்துக் கழிவு மேடுகளில் வேறெதுவும் முளைக்காதபோது இதைத்தான் நட்டார்களாம், கிடுகிடுவென்று வளரும் என்று. பட்டையைக் காய்ச்சிக் குடித்தால் காய்ச்சல் நோவுக்குக் கேட்கும் என்றும், அது அஸ்பிரினுக்குச் சொந்தக்கார மருந்து என்றும் மருந்துக்கடைப் பெண்ணிடம் கேட்டு வந்து எனக்குப் பாடம் எடுத்தீர். நான் கொட்டாவி விட்டேன்.

வைகாசியில் அந்த மரங்களிலிருந்து வெள்ளைப் பஞ்சு பறந்து தெருவோரம் குவிந்தது. பார்த்தால் அசல் இலவம்பஞ்சு. நீர் இரண்டு பை நிறைய அள்ளி வந்து இரண்டு தலையணை தைத்தீர். ஒன்று உமக்கு. மற்றது, ஊரில் வருசக்கணக்காக உமக்காகக் காத்திருந்த உம்முடைய மனைவிக்கு, அவ விசா கிடைத்து வரும்போது. நான், "இலவு காத்த கிளி மாதிரி இருக்கிறீர்" என்று பகிடி பண்ணினேன். "கிளிக்குத்தான் பழம் வேணும். எனக்குத் தலையணைக்குப் பஞ்சு காணும்" என்று நீர் சிரித்தீர். ஆனால் அது இலவம்பஞ்சு இல்லை. இழை குட்டை, ஒரு கிழமையில் திரண்டு கட்டி கட்டியாகிவிட்டது. இரவெல்லாம் தும்மினீர். இரண்டு தலையணையையும் குப்பையில் போட்டோம்.

அந்த மாரியில்தான் உமக்கு இரத்தம் போகத் தொடங்கியது. மூலம் என்றீர். கதிரையில் ஒரு பக்கமாக இருந்தீர், மிளகாயைக் குறைத்தீர், கருணைக்கிழங்கு எங்கே வாங்கலாம் என்று கேட்டீர். நான்தான் டனூட்டாவிடம், ஒரு சிநேகிதருக்கு என்று சொல்லிக் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, அதே களிம்புதான், அதுக்கும் நல்லது, தன்னுடைய தகப்பனும் அதைத்தான் பூசினார் என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. மூலத்துக்கு இந்த நாட்டில் காலங்காலமாகப் பூசுகிற களிம்புதான் அது. பூசினீர், கடியும் எரிவும் நின்றது. "பாத்தீரே ஐசே, மேலையும் கேட்குது, கீழையும் கேட்குது" என்று நீர் சொல்ல, இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். இரத்தம் மட்டும் நிற்கவில்லை.

கையை ஆற்றியது என்பதால் நாங்கள் அந்தக் களிம்பைக் கடவுளாக்கினோம். அதில் களிம்பின் பிழை ஒன்றுமில்லை.

ஒரு நாள் தொட்டிக்கு முன்னால் நீர் தலைசுற்றி விழுந்தீர். பெரிய சமையல்காரர் டொக்டரிடம் போய் வா என்று துரத்தினார். எசனில் எங்கள் ஆட்களில் யாருக்கு டெர்மின், அதாவது டொக்டரைப் பார்க்கத் தேதி, என்றாலும் மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள், உமக்கும் நான்தான் வந்தேன். காத்திருக்கும் அறையில் நீர் என் முழங்கையைப் பிடித்தீர்.

"ஐசே, களைப்பு எண்டு மட்டும் சொல்லும். மற்றதைச் சொல்லாதையும்."

"விசரே உமக்கு? அதுக்குத்தானே வந்தனாங்கள்."

"சொன்னால் கழட்டச் சொல்லுவான். பிறகு ஆஸ்பத்திரி எண்டு எழுதித் தருவான். வேலை போனால் அவளின்ரை விசாவுக்குப் போட்ட அன்ட்ராக் என்னாகும்? நிரந்தர வேலை எண்டு கடிதம் குடுத்துக் கிடக்கு. அவள் வந்து இறங்கட்டும், அடுத்த நாளே காட்டுறன். என்ரை அப்பன், கெஞ்சிக் கேட்கிறன்."

உள்ளே போனோம். டொக்டர் நல்ல மனிசன், அவசரப்படவில்லை. உம்முடைய கண்மடலைக் கீழே இழுத்துப் பார்த்தார். சாப்பாடு, தூக்கம் எல்லாம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, மலத்தோடு இரத்தம் போகிறதா என்று கேட்டார். மொழிபெயர்க்கத்தான் நான் அங்கே இருந்தேன். உம்மைக் கேட்டிருக்கவேண்டும். நான் உம்மைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நைன்" என்றேன், இல்லை என்று. அவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்து, நாலு கிழமையில் திரும்ப வரச் சொன்னார். வெளியே வந்ததும் நீர் எனக்குக் கோப்பி வாங்கித் தந்தீர். நாலு கிழமையில் நாங்கள் போகவில்லை.

ஒரு வருசத்துக்கு மேல் கழித்துத்தான் அவ வந்து இறங்கினா. விமான நிலையத்தில் உம்மைக் கண்டதும் அவ முதலில் கேட்டது, "என்னப்பா இப்பிடி மெலிஞ்சு போனியள்?" என்றுதான். நீர் குளிர் என்றீர். அடுத்த நாளே காட்டுகிறேன் என்றவர், இன்னும் மூன்று மாதம் இழுத்தீர். அவவுக்கு அறை ஒழுங்கு பண்ணவேண்டும், ஜெர்மன் வகுப்பில் சேர்க்கவேண்டும், குளிருக்குச் சப்பாத்து வாங்கவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னீர். கடைசியில் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அது மூலமில்லை. குடலில் இருந்த கட்டி ஈரலுக்கும் போய்விட்டது. அதை உமக்கு மொழிபெயர்த்ததும் நான்தான். அந்த முறை ஒரு சொல்லும் விடவில்லை.

ஆஸ்பத்திரி நடைபாதையில் அவ என்னைக் கேட்டா. "அண்ணை, இவருக்கு முன்னமே தெரியுமே? உங்களுக்காவது சொன்னவரோ?"

"இல்லைத் தங்கச்சி, சொல்லேல்லை" என்றேன். எனக்கு இரண்டாம் தரமும் அது சுலபமாக வந்தது.

அந்தப் பொய்யோடுதான் ஐந்து வருசமும் அவ வீட்டுக்குப் போய் வந்தேன். உம்முடைய திவசத்துக்கு இலை போட்டு எனக்குத்தான் முதலில் சோறு போடுவா. பள்ளிக்கூடம் ஒன்றில் துப்பரவு வேலை செய்கிறா. ஜெர்மன் இன்னும் மட்டுமட்டு. என்னை ஒரு நாளும் ஒன்றுக்கும் கூப்பிட்டதில்லை. எனக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

இன்றைக்கு ஏலாமல் போய்விட்டது, ஐசே. வேலை முடிந்து வரும்போது பஸ்ஸில் என் தரிப்பு வருமுன்னே அவவுடைய தரிப்பில் இறங்கிவிட்டேன். குசினிக்குள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. இருக்கச் சொன்னா, நான் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டொக்டர் கேட்டதையும், நான் இல்லை என்றதையும், நீர் கெஞ்சியதையும். உம்மில் பழியைப் போடக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஆனாலும் கொஞ்சம் போட்டுவிட்டேன், மன்னியும்.

அவ கத்தியைக் கீழே வைத்தா.

"ஆஸ்பத்திரியிலை வைச்சு உங்களைக் கேட்டனான்."

"ஓம்."

"இல்லை எண்டனீங்கள்."

"ஓம் தங்கச்சி."

உரித்த வெங்காயத் தோலை அள்ளிக் குப்பைவாளிக்குள் போட்டா. பிறகு, "நான் வராமல் விட்டிருந்தால் என்ன?" என்றா. "பதினொரு வருசம் இருந்தனான்தானே. இன்னும் பத்து வருசம் இருந்திருப்பன். அந்த மனிசன் உயிரோடை இருந்திருக்கும்."

நீர் இருந்தால் இதுக்கு என்ன மறுமொழி சொல்லியிருப்பீர்? நானும் நீரும் உம்முடைய உயிரைக் கொடுத்து அவவுக்கு ஒரு விசா வாங்கினோம். அவ எங்களை அதைக் கேட்கவில்லை. கோபத்தில் சொல்லுகிறேன், நீர் பெரிய மடையன். நான் உம்மைவிடப் பெரிய மடையன், உமக்குத் தலையாட்டினேன்.

"நீங்கள் போட்டு வாங்கோ அண்ணை" என்றா. இனி இந்தப் படி ஏற முடியாது என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். பின்னால் நின்று கூப்பிட்டா.

"அண்ணை, மூண்டு மாதமாய் எனக்கும் அடிவயித்துக்கை ஒரு நோ. இடைக்கிடை இரத்தமும் படுது. ஆருக்கும் சொல்லேல்லை. இரண்டு தரம் டெர்மின் எடுத்துப்போட்டு வெக்கத்திலை போகாமல் விட்டிட்டன்."

நான் கதவுப்பிடியைப் பிடித்தபடி நின்றேன்.

"நாளைக்கு ஒன்பதரைக்குத் திரும்பவும் டெர்மின் கிடக்கு. நீங்கள் வாங்கோ. அங்கை வந்து நான் சொல்லாதேங்கோ எண்டு சொன்னாலும், நீங்கள் சொல்லவேணும்."

"ஓம்" என்றேன்.

வீட்டுக்கு வந்து வேலைக்கு டெலிபோன் எடுத்து நாளைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மெஷின் பழுது, எப்படி விடுவது என்று கத்தினார்கள், கத்தட்டும். அகராதியை எடுத்து, அடிவயிறு, நோ, எத்தனை நாளாக, எவ்வளவு இரத்தம் என்று எல்லாச் சொல்லையும் ஒரு தாளில் எழுதிவைத்திருக்கிறேன். தெரிந்த சொற்கள்தான், ஆனாலும் எழுதினேன். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐசே. அது வெறும் நோவாக இருக்கவேண்டும் என்று உமக்குத் தெரிந்த கடவுள்களிடம் சொல்லும். டொக்டர் நாளைக்கும் என்னைப் பார்த்துத்தான் கேட்பார். நான் முதலில் அவவைத் திரும்பிப் பார்ப்பேன்.